பதினான்கு நிமிஷம் நாற்பது வினாடி

1

இதைத் தமாஷ் கதையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். சென்னையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் தீபாவளி மலருக்குச் 'சிரிக்கச் சிரிக்க ஒன்று' கேட்டிருந்தார். யுத்தகாலம், காகிதப் பஞ்சம், ஐந்து பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று அடியில் ஒரு வரி. கைவசம் எனக்கு ஒரு ஏமாற்றுக்காரன் இருந்தான். எருமப்பட்டிச் சின்னண்ணன். வேகமான குதிரையைச் சாதுக் குதிரை என்று சொல்லி வண்டிப் பந்தயத்தில் விட்டு அகப்பட்டுக்கொண்டவன். பிடித்தது நான். ஆறு வருஷமாகக் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். எழுத ஒரு காலைப்பொழுது போதும் என்று நினைத்தேன்.

முதல் ஆரம்பம்: 'சின்னண்ணனின் குதிரை வீட்டில் ஆட்டுக்குட்டி, பந்தயத்தில்' – வேண்டாம், அசடு வழிகிறது.

இரண்டாம் ஆரம்பம்: 'கடிகாரத்தை ஏமாற்ற ஒருவனும் இன்னும் பிறக்கவில்லை.' இது எனக்குப் பிடித்திருந்தது. இதன்மேல்தான் மூன்று பக்கம் எழுதினேன். இப்போது அந்த வரியைப் பார்க்கவே முடியவில்லை. அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

2

குதிரை வண்டிப் பந்தயம் அறியாதவர்களுக்குக் கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள், பெருமைப்பட எனக்கு வேறு அதிகம் இல்லை.

எங்கள் பக்கம் குதிரையை உயரம் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். சென்னையில் நாலு வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு வந்த நான், உயரமா ஓடுகிறது, கால்தானே ஓடுகிறது என்று பேசிக் கமிட்டியின் மனசை மாற்றினேன். சேந்தமங்கலம் சாலையில் இரண்டு மைல் போய், நட்டுவைத்த தார்ப்பீப்பாயைச் சுற்றி, இரண்டு மைல் திரும்பி வரவேண்டும். பெரிய குதிரை என்றால் பதினான்கு நிமிஷம். நடுக்குதிரைக்குப் பதினைந்து. சின்னக் குதிரைக்குப் பதினாறு. இதற்குத் தர நேரம் என்று பெயர் வைத்ததும் நான், கடிகாரம் பிடித்ததும் நான்.*

(* ஒரு குதிரை தன் தர நேரத்தைவிடக் கொஞ்சம் சுருக்காக வரலாம். மேல் தரத்தின் நேரத்தையே முந்தி வந்தால் அது வேகத்தை மறைத்து விட்ட திருட்டுக் குதிரை. பந்தயத்தில் ஓடாத புதுக் குதிரைக்குச் சொந்தக்காரர் சொல்வதுதான் தரம். ஜெயித்த குதிரைக்கு மட்டும்தான் கடிகாரத்தை நிறுத்துவோம். தோற்றதற்கு நேரம் எதற்கு? இந்தக் கடைசி வாக்கியத்தை அன்றைக்கு எவ்வளவு அலட்சியமாகச் சொன்னேனோ அப்படியே எழுதியிருக்கிறேன்.)

3

முப்பத்தெட்டாம் வருஷம், மாசி மாதம், மாரியம்மன் நோம்பி. சின்னக் குதிரை ஓட்டத்தில் ஐந்து வண்டிகள். புதிதாகச் சந்தையில் பிடித்த செவலைக் குதிரையோடு சின்னண்ணன் வந்தான். ஜெயித்தான். கடிகாரத்தைப் பார்த்தேன்: பதினான்கு நிமிஷம் நாற்பது வினாடி. நடுக்குதிரையின் நேரத்தையே இருபது வினாடி முந்திவிட்டது.

நான் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினேன். கூட்டம் அவனை வண்டியிலிருந்து இறக்கியது. கோயிலில் சத்தியம் செய்யட்டும் என்று சொன்னதும் நான்தான். அவன் தயங்கவில்லை. உள்ளங்கையால் சூடத்தை அணைத்தான்.

"இந்தக் குதிர இதுக்கு முன்னால ஒரு பந்தயத்துலயும் கால் வெச்சதில்லீங்க. நான் சொல்றது பொய்யா இருந்தா ஆத்தா எங் குடியக் கேக்கட்டும்."

பங்குனியில் அவன் மகள் உண்ணாமலைக்கு அம்மை போட்டது. பதினோரு வயசு. ஒன்பதாம் நாள் போய்விட்டாள். ஆத்தா கேட்டுவிட்டாள் என்றது ஊர். அவன் மனைவி கண்ணாத்தாளும் அதையே சொல்லிவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போனாள். ஆறு வருஷமாகத் திரும்பவில்லை.

(இந்தப் பத்தி கல்யாண வீட்டுக் கதையில் கிடையாது. சூடம் அணைத்த இடத்தோடு நிறுத்திவிடுவேன். பத்திரிகைக்கும் அப்படியே நிறுத்துவதாக இருந்தேன்.)

4

எழுதியதை என் மனைவி வசந்தாமணிக்குப் படித்துக் காட்டினேன். அவள் நிலக்கடலை தொலித்துக்கொண்டே கேட்டாள். சிரிக்க வேண்டிய இடங்களில் சிரிக்கவில்லை. கண்ணாத்தாள் அவளுடைய ஊர்க்காரி.

"ரெண்டாவதா வந்தது யாருங்க?"

எனக்கு எரிச்சல். அதுவா கதைக்கு முக்கியம்? ஆனாலும் கதையில் ஓர் அழகுக்கு இருக்கட்டும் என்று யோசித்தேன். எல்லை நெருக்கத்தில் கூட்டம் எழுந்து நின்றது நினைவுக்கு வந்தது. செவலைக்குப் பின்னால் ஒரு வண்டி நீளம்கூட இல்லாமல் வந்தது எங்கள் ஊர் வெங்கடாசலத்தின் வெள்ளைக் குதிரை.

"அந்தக் கிழட்டு வெள்ளையா?" என்றாள். "அது எப்படீங்க அத்தன சுருக்கா வந்துச்சு? எங்கூட்டு எருமையும் அதும் ஒண்ணாத்தானே நடக்கும்."

நான் பேனாவை வைத்துவிட்டேன்.

வெள்ளை எட்டு வருஷமாகச் சின்னக் குதிரையில் ஓடியது. இருமுறை ஜெயித்தபோது நேரம் குறித்திருக்கிறேன். அதன் வாழ்நாளிலேயே சுருக்கான ஓட்டம் பதினைந்து நாற்பது. அன்றைக்கு அது செவலைக்கு ஒரு வினாடி பின்னால் வந்தது என்றால் பதினான்கு நாற்பத்தொன்று. சாகப்போகிற குதிரை ஒரே நாளில் ஒரு நிமிஷத்தை எங்கிருந்து பிடித்தது? ஒரு குதிரை வேஷம் போடலாம். இரண்டு குதிரைகள் சேர்ந்து போடாது.

பொய் சொன்னது குதிரை இல்லை. கடிகாரமா? மறுநாள் நடுக்குதிரை ஓட்டத்துக்கு அதே கடிகாரம்தான், சரியாகவே காட்டியது. அப்படியானால் சாலை.

5

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

அன்று காலை பீப்பாயை நடப் போனவன் நான். இரண்டாம் மைல் கல்லருகே சாலை முழுக்கக் கொள்ளுச்செடி பரப்பியிருந்தது. வண்டிச் சக்கரம் ஏறி ஏறித் தானியம் உதிரட்டும் என்று இன்றும் பரப்புகிறார்கள். காட்டு வேலைக்காரி குப்பாயி ஓடிவந்தாள்.

"சாமி, வண்டி போனாத் தேவலைங்க சாமி. இங்கயே குதிர திரும்பி ஒழப்புனா அத்தனையும் மண்ணாப் போயிருமுங்க. இந்தக் கொள்ளுதாஞ் சாமி எங்களுக்கு."

நியாயமாகத்தான் பட்டது. பீப்பாயை ஒரு பர்லாங்கு, அதாவது அரைக்கால் மைல், இந்தப் பக்கம் உருட்டிவந்து நட்டேன். எல்லாக் குதிரைக்கும் ஒரே பீப்பாய், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. ஐந்து வண்டிக்காரர்களும் பீப்பாயைப் பார்த்தார்கள், மைல் கல்லைப் பார்க்கவில்லை. சாயங்காலம் குப்பாயி கொள்ளுச்செடியை வாரிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் பீப்பாய் பழைய இடத்துக்குப் போயிற்று.

குதிரைக்குக் குதிரை நஷ்டமில்லைதான். என் தர நேரம் நாலு மைலுக்கு. போக ஒரு பர்லாங்கு, வர ஒரு பர்லாங்கு குறைச்சல். சின்னக் குதிரைக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம். அந்த நிமிஷத்தைப் பதினான்கு நாற்பதோடு கூட்டினேன். பதினைந்து நாற்பது.

சின்னக் குதிரை. சுத்தமான சின்னக் குதிரை.

(இதுவரை சின்னண்ணனை 'அவன்' என்று எழுதியிருக்கிறேன். திருத்தவில்லை. எப்படி எழுதினேன் என்று நீங்கள் பார்க்க வேண்டும்.)

6

முடிவு ஒன்று: நான் போய்ச் சொல்கிறேன். அவர் என் சட்டையைப் பிடித்து அறைகிறார். இந்த முடிவு எனக்குத்தான் சௌகரியம், அதனால் வேண்டாம்.

முடிவு இரண்டு: கண்ணாத்தாள் மூட்டையோடு திரும்பி வருகிறாள், இருவரும் – இல்லை. ஆறு வருஷத்தை ஒரு வாக்கியத்தில் முடிக்க எனக்கு யோக்கியதை கிடையாது.

முடிவு மூன்று: சொல்லாமல் விடுவது. இதற்கு ஒரு நியாயம்கூடக் கண்டுபிடித்தேன். இப்போது அவர் மகள் சாவுக்கு ஒரு காரணமாவது இருக்கிறது. சத்தியம் உண்மை என்று நான் போய்ச் சொன்னால், உண்மை சொன்னவன் பிள்ளையை ஆத்தா ஏன் எடுத்தாள்? அந்தக் கேள்வியை அவர் தலையில் வைத்துவிட்டு வருவதா? இதை வசந்தாமணியிடம் சொன்னேன். நல்ல தத்துவம் என்றே நினைத்தேன்.

அவள் என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"புள்ள அம்மையில செத்தது ஒரு துக்கமுங்க. அப்பனே கொன்னுட்டான்னு பெத்தவ நெனச்சுக்கிட்டு இருக்கறது வேற. ரெண்டையும் ஒண்ணாப் போடாதீங்க." முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "நான் கண்ணாத்தாக்கிட்டப் போறேன். அவருகிட்ட நீங்கதான் போகோணும்."

7

போனேன். இது கற்பனை இல்லை என்று சொன்னாலும் கதையில் நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

சின்னண்ணன் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மாடுகளை நிறுத்தித் தலைத்துண்டை எடுத்துவிட்டார். முகத்துக்கு அறுபது வயசு ஆகியிருந்தது. நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டார். "வாங்க வாங்க. என்னுங்க இத்தன தூரம்?" என்று சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். குடித்தேன். அந்தப் பந்தயத்தைப் பற்றி, என்று தொடங்கினேன்.

"அதுக்கென்னுங்க இப்ப. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமுமில்லீங்க. கடியாரம் பொய் சொல்லுமுங்களா? குதிர வித்தவன் ஏமாத்திப்போட்டான். எங்கயோ ஓடுன குதிரையப் புதுசுன்னு சொல்லித் தள்ளிப்போட்டான். அது தெரியாம நான் ஆத்தா முன்னால பொய்ச் சத்தியம் பண்ணிப்போட்டேன். எம் புள்ளைய நாந்தானுங்க கொன்னேன்."

அழவில்லை. பயிருக்குப் பூச்சி விழுந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். பழகியிருந்தது.

இதற்குமேல் நான் சொல்லவேண்டிய முதல் வாக்கியம் வருகிறது. 'சின்னண்ணா, பீப்பாய்' என்று எழுதி அடித்தேன். 'ஒரு பர்லாங்குதான்' – அந்தத் 'தான்' எனக்கே கூசுகிறது. 'குப்பாயியின் கொள்ளு' என்று தொடங்கினால் பழி அவள்மேல் போகிறது. 'உங்கள் சத்தியம்' –

தமாஷுக்காக வாங்கிவந்த காகிதம் தீர்ந்துவிட்டது. அந்த ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். இவ்வளவு தூரம் என்னோடு வந்துவிட்டீர்கள், நடந்தது என்ன என்று உங்களுக்கும் என்னளவுக்குத் தெரியும். எனக்கு நாக்கு எழவில்லை. அவர் வெயிலில் நிற்கிறார், நீங்கள் சொல்லுங்கள்.