மருதாயியின் கட்டைவிரல்

கட்டைவிரலில் ரேகை இல்லாமல் போனதற்காக மருதாயி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. ரேகையை வைத்துக்கொண்டு என்ன செய்வதாம், குழம்பா வைக்க முடியும்? இலங்கையில் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருந்த றப்பர் தோட்டத்தில் ஆறு வருஷமாக அவளுக்கு ஸ்டோர் வேலை. மரத்துப் பாலில் அசிட் ஊற்றி, உறைந்ததைக் கையால் அழுத்தித் தகடாக்க வேண்டும். அந்த அசிட் விரல் நுனிகளைத் தின்று வழவழவென்று ஆக்கிவிட்டது. உள்ளங்கையோ காய்த்துச் சொரசொரத்துக் கிடந்தது. மகள் புஷ்பத்துக்கு இரண்டரை வயது. அந்தச் சொரசொரப்புக் கையால் முதுகைத் தடவினால்தான் அவளுக்குத் தூக்கமே வரும்.

மாசியில் தம்பிக்குக் கல்யாணம் என்று துறையூர்ப் பக்கத்துத் தாய்வீட்டிலிருந்து கடிதம் வந்தது. மாப்பிள்ளையின் அக்காள் இல்லாமல் தாலியின் மூன்றாம் முடிச்சை யார் போடுவது? போயே ஆக வேண்டும். பிள்ளைக்கு இன்னும் அம்மை குத்தவில்லை. குத்தாத பிள்ளையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். குத்தி, அது ஆறுவதற்குள் முகூர்த்தம் போய்விடும். அதனால் மகளைப் புருஷனிடம் விட்டுவிட்டுத் தனியாகப் புறப்பட்டாள்.

போய்த் திரும்புவதற்குத் தோட்டத்துக் கடுதாசி வேண்டும். அதை எழுதுகிறவர் கிளாக்கர் விசுவலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், கறார்ப் பேர்வழி.

"இஞ்சை பார், மருதாயி. இந்தக் கடுதாசி அறுபது நாளுக்குத்தான் செல்லும். ஒருநாள் பிந்தினாலும் நீ புது ஆள். புது ஆக்களை இப்ப எடுக்கிறதில்லை எண்டு துரை சொல்லிப்போட்டார்."

"அறுபது எதுக்குங்கையா? அதுக்கு முந்தியே வந்து, காலையில பேர் கூப்பிடுறப்ப பெரட்டுல நிப்பேன்" என்றாள் மருதாயி.

மை தொட்டுக் கைநாட்டு வைத்தாள். காகிதத்தில் வெறும் கறுப்புப் பொட்டு விழுந்தது. கிளாக்கர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ரேகை ஒண்டையும் காணேல்லையே."

"அசிட்டு தின்னுருச்சுங்க. உங்க தோட்டத்து அசிட்டுதானே, அதுகிட்டயே கேளுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டோரில் வேலை செய்கிற பெண்கள் எல்லாருடைய கைநாட்டும் அப்படித்தான் விழும். பழகிப்போன சங்கதியானபடியால் முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டார். "ரேகை தேய்ந்த கை" என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

ஊரில் ராஜ உபசாரம்தான். அக்கரையிலிருந்து வந்த பெண் என்று ஆத்தா ஒரு செம்பைக்கூடத் தூக்க விடவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்தாள், முடிச்சுப் போட்டாள், விருந்து விருந்தாகச் சாப்பிட்டாள். ஐம்பத்திரண்டாம் நாள் கடற்கரை முகாமுக்கு வந்து சேர்ந்தாள். கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஐந்து நாள் அங்கே அடைத்துவைத்து, நோய்நொடி இல்லை என்று பார்த்த பிறகுதான் அனுப்புவார்கள். கடுதாசியில் எட்டு நாள் பாக்கி இருந்தது, போதும்.

முகாமில் கடுதாசி பார்க்கிற ஐயா அவள் கட்டைவிரலை மையில் அழுத்தி, பழைய கைநாட்டின் பக்கத்தில் புதிதாக ஒன்று எடுத்தார். இரண்டையும் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"யாரோட கடுதாசிம்மா இது?"

"என்னோடதுதாங்க."

"பொய் சொல்லாத. இதுல ரேகையே இல்ல. உன் விரல்ல சுழி சுழியா இருக்கு. எவளோ ஒருத்தி கடுதாசிய வாங்கிக்கிட்டு வந்து நிக்கிற. ஊரு போய்ச் சேரு."

மருதாயி விரலைத் திருப்பிப் பார்த்தாள். அடப்பாவி! ஐம்பது நாள் அசிட் படாத விரலில் ரேகை நெற்பயிர் மாதிரி வளர்ந்து கிடந்தது. சும்மா இருந்ததற்கு இப்படி ஒரு தண்டனையா? அந்தப் பக்கம் பிள்ளை இருக்கிறது, இந்தப் பக்கம் அவள் நிற்கிறாள், நடுவில் இந்தப் பாழாய்ப்போன விரல்.

"அங்க அசிட்டு தின்ன விரலுங்கையா, இப்பத்தான் ரேகை வளந்துருக்கு. தோட்டத்துக்கு எழுதிக் கேளுங்க."

"எழுதிப் பதில் வர பத்து நாளாகும். உனக்குப் பாக்கி எட்டு நாளு. தந்தியில ரேகை வருமா?"

அழுதால் காரியம் நடக்காது என்று அவளுக்குத் தெரியும். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஐயா, எப்படியும் அஞ்சு நாளு என்னைய இங்கதான் வச்சிருப்பீங்க. அதுக்குள்ள இந்த விரலைப் பழையபடி ஆக்கிக் காட்டுறேன். ஆகலன்னா நானே திரும்பிப் போயிடுறேன். சரிங்களா?"

அவர் வேடிக்கை பார்க்கிற மாதிரி தலையாட்டினார்.

முகாம் சமையல்கட்டில் ஆள் உயரத்துக்கு அண்டாக்கள். கேட்டு வாங்கித் தேய்த்தாள். சாம்பல், செங்கல் தூள், கடற்கரை மணல், எது கிடைத்தாலும் சரி. சமையல்காரருக்குக் கொண்டாட்டம். அண்டா தீர்ந்த நேரங்களில் கருங்கல் படியில் உட்கார்ந்து கட்டைவிரலைத் தேய்த்தாள். மூன்றாம் நாள் தோல் உரிந்தது. சோற்றில் கை வைத்தால் உப்புப் பட்டு உயிர் போனது. இடது கையால் சாப்பிட்டாள்.

"உனக்கென்னடி கிறுக்கா?" என்று கேட்டாள் பக்கத்துப் பாய்க்காரி.

"ஆமாக்கா. அந்தக் கிறுக்குக்கு ரெண்டரை வயசு, தோட்டத்து லயத்து வீட்டுல உக்காந்திருக்கு" என்றாள் மருதாயி.

ஐந்தாம் நாள் காலை ஐயா முன்னால் போய் விரலை நீட்டினாள். மை தொட்டு அழுத்தினார். கறுப்புப் பொட்டு, ஒரு கோடுகூட இல்லை. பழைய பொட்டையும் புதிய பொட்டையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அந்த விரலைப் பார்த்தார்.

"இப்படி வேற எவளாவது தேய்ச்சுக்கிட்டு வந்தா நான் என்ன பண்றது?"

"தேய்க்கச் சொல்லிப் பாருங்க. ரெண்டாம் நாளே வேணாம்னு ஓடிருவா."

அவர் சிரிக்கவில்லை. மேசையைத் திறந்து கொஞ்சம் பஞ்சும் துணியும் எடுத்துக் கொடுத்தார். "ஒத்துப்போகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஐம்பத்தொன்பதாம் நாள் பகலில் தோட்டத்துக்கு ஏறிவந்து, கடுதாசியைக் கிளாக்கர் மேசையில் வைத்தாள். கட்டுப் போட்ட விரலைக் கண்டு அவர் விசாரிக்க, நடந்ததைச் சொன்னாள். விசுவலிங்கம் பேனாவை எடுத்து, பெயர்ப் புத்தகத்தில் அவளுக்கு நேரே "ஸ்டோர் வேலையால் ரேகை தேய்ந்தது" என்று எழுதினார்.

"ரெண்டு மாசத்துக்கு முந்தி எழுதியிருக்க வேணும். பிழை என்னிலைதான்" என்றார்.

"அடுத்த தடவைக்கு ஆச்சுங்கையா" என்று சொல்லிவிட்டு லயத்துக்கு நடந்தாள்.

புஷ்பம் அவளைக் கண்டதும் அப்பன் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கூப்பிட்டாலும் வரவில்லை. அந்த வயதில் இரண்டு மாதம் என்பது சின்ன விஷயமா? மருதாயி வற்புறுத்தவில்லை. பிள்ளை சோறு தின்று, சுவர்ப் பக்கம் திரும்பிப் பாயில் படுத்துக்கொண்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்டா தேய்த்து முன்னைவிட மோசமாகச் சொரசொரத்திருந்த கையை அந்தச் சின்ன முதுகில் வைத்து, மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவினாள்.

புஷ்பம் அசையாமல் கிடந்தது. பிறகு, திரும்பிப் பார்க்காமலே, முதுகை அவள் பக்கமாக நகர்த்திக் கொடுத்தது.

"அம்மா, இன்னும்" என்றது.