புஸ்ஸென்று போக வேண்டிய காற்று

ஒரு நிமிடம் நாற்பது நொடி. ஜீப் மெக்கானிக் பூவரசனின் இருபத்திரண்டு வருஷத் தொழிலைக் குழிதோண்டிப் புதைக்க அழகர்சாமிக்கு அவ்வளவு நேரம்தான் தேவைப்பட்டது.

'காவிரிப் புலிகள் ஜீப் கிளப்' என்ற வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். நிறுவனர், தலைவர், பொருளாளர், வேறு ஆள் கிடைக்காதபோது சிறப்பு விருந்தினர் என எல்லாமே ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதி அழகர்சாமிதான். மனை விற்பவர். சனிக்கிழமை காலை அவர் அனுப்பிய குரல் பதிவு குழுவில் கணீரென்று ஒலித்தது.

"உறுப்பினர் நலன் கருதி ஒரு எச்சரிக்கை! துவாக்குடி பூவரசன் மாட்டிவிட்ட ஏர் லாக்கர் படு மட்டம். பின் சக்கரத்தக் கடிச்சா விட மாட்டேங்குது. நேத்து வீதி முனையில வண்டி திரும்பாம நேரா போயி இளநீர் வண்டிய முட்டிட்டு நிக்குது. யாரும் அந்த ஆளுகிட்ட வண்டிய விட்றாதீங்க..."

மதியத்துக்குள் மூன்று பேர் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான்காவதாக அழைத்தவர் தில்லை நகர் பல் டாக்டர் இளவேனில். வியாழக்கிழமை அவருடைய ஜீப்புக்கும் லாக்கர் மாட்டுவதாக ஏற்பாடு.

"தப்பா நினைக்காதீங்கண்ணே, கொஞ்சம் தள்ளிப் போடலாமா?"

"தள்ளிப் போடுங்க மேடம், வேணாங்கல. ஆனா ஒரு தடவ ஸ்ரீரங்கம் வந்து கண்ணால பாத்துட்டுத் தள்ளிப் போடுங்க."

பைக்கை முறுக்கினான் பூவரசன். பால்பண்ணை தாண்டி, காவிரிப் பாலம் தாண்டும்வரை அவன் வாயில் வந்ததை அச்சில் ஏற்ற முடியாது.

அழகர்சாமியின் வண்டி வீட்டு வாசலில் நின்றது. கூரையில் ஏணி, மண்வெட்டி, எட்டு விளக்கு. வெள்ளத்தில் மூச்சு விடுவதற்கென்று முகப்பில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாய். இத்தனை ஆயுதங்களோடு அது இதுவரை எட்டிய உச்சபட்சக் காடு, கொள்ளிடக்கரை மணல். நேற்று அங்கே வீடியோ எடுப்பதற்காகத்தான் லாக்கர் சுவிட்சை முதன்முதலாகப் போட்டிருக்கிறார்.

"வாய்யா, வா" என்றார் அழகர்சாமி. "சென்னையில ஒரு நிபுணர்ட்ட பேசிட்டேன். பின் அச்சையே முழுசா கழட்டணுமாம். பத்து நாள் கழிச்சுத்தான் வருவாராம். நாளைக்குக் காலையில முசிறிக்கு நம்ம அணிவகுப்பு. நாப்பது வண்டி. நான்தான் முன்னாடி போகணும், பேனர்ல போட்டாச்சு. இப்ப நான் என்ன, ஆட்டோ புடிச்சா போறது?"

"நிபுணர் வண்டியப் பாத்தாருங்களா?"

"போன்லயே சொல்லிட்டாருய்யா. அறிவுன்னா அது."

இளவேனில் காரை ஓரங்கட்டிவிட்டு வந்ததும், அவருக்குச் சொல்வதுபோல் ஊருக்கே கேட்கும்படி ஆரம்பித்தான் பூவரசன்.

"வண்டி திரும்புறப்ப ஒரு பின் சக்கரம் வேகமா சுத்தணும், ஒண்ணு மெதுவா சுத்தணும். சேத்துல மாட்டுனா ரெண்டும் ஒண்ணா சுத்தணும். அதுக்குத்தான் லாக்கர். சுவிட்சப் போட்டா காத்து உள்ள போயி ரெண்டையும் பூட்டும். அணைச்சா காத்து புஸ்ஸுன்னு வெளிய வந்து பூட்டு விட்டுரும். இப்ப கேளுங்க."

சுவிட்சைப் போட்டான். டக்கென்று வால்வு தட்டியது. அணைத்தான். மறுபடி டக். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"புஸ் எங்கண்ணே?" என்றார் இளவேனில்.

"அதத்தான் நானும் தேடுறேன்."

முன் சக்கரங்களுக்குச் செங்கல் கொடுத்து, கியரில் போட்டு, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினான். ஒரு சக்கரத்தைத் திருப்பினால் அசையவே இல்லை. பூட்டு பிடித்தபடி இருந்தது. பிறகு பானெட்டைத் திறந்து, வால்விலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீலக் குழாயைப் பிடுங்கினான். 'புஸ்ஸ்!' திரும்பி வந்து சக்கரத்தைத் தட்டினான். அது ஒரு பக்கம் சுற்ற, எதிர்ச்சக்கரம் மறுபக்கம் சாவகாசமாகச் சுற்றியது.

"அச்சு நல்லாருக்கு. நான் மாட்டுன லாக்கரும் நல்லாருக்கு. காத்து வெளிய போற வழியத்தான் யாரோ அடைச்சிருக்காங்க. தலைவரே, இங்க வாங்க."

வால்வின் தலையில், காற்று வெளியேற ஒரு சின்ன ஓட்டை. அதன் மேல் வட்டமாக, அழகாக, காய்ந்து கல்லாகிப்போன சந்தனம். நடுவே குங்குமம். பேட்டரிக்கு ஒன்று, ரேடியேட்டருக்கு ஒன்று, கண்ணாடி கழுவும் தண்ணீர் டப்பாவுக்குக்கூட ஒன்று.

"யாரு வச்ச பொட்டு இது?"

அழகர்சாமி வீதியைப் பார்த்தார். "ஆயுத பூஜைக்கு... டிரைவர் யாராச்சும் வச்சிருப்பான்."

இளவேனில் போனை எடுத்தார். அதே குழுவில், மூன்று வாரத்துக்கு முந்தைய வீடியோ. பட்டு வேட்டியில் அழகர்சாமி, 'ஒரு பாகம் விடாம என் கையாலயே வைக்கிறேன்' என்றபடி பானெட்டுக்குள் குனிகிறார். நூற்று எழுபது கும்பிடு.

"சொத்தைப் பல்ல அடைக்கிறப்போ நான்கூட இவ்வளவு கச்சிதமா அடைச்சதில்ல சார்" என்றார் இளவேனில்.

பூவரசனுக்குச் சிரிப்பு வரவில்லை. "சாமிக்குப் பொட்டு வைங்க, வண்டிக்கு வைங்க, யாரு வேணாங்கிறா? மாட்டுன அன்னிக்கே இந்த ஓட்டையக் காட்டி, இதுல தூசி அண்டக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சரிய்யா, விடு. சின்ன விஷயம். அதச் சுரண்டி எடுத்துட்டுக் கிளம்பு."

சின்ன விஷயம்! பூவரசன் நிதானமாக நீலக் குழாயைப் பழையபடி மாட்டினான். சுவிட்சைப் போட்டான், அணைத்தான். டக். டக். புஸ் இல்லை.

"என்னய்யா பண்ற? மறுபடி பூட்டிக்கிச்சே!"

"ஆமாங்க. சென்னைக்காரரு பத்து நாள்ல வருவாருல்ல. இல்லாட்டி, எந்தக் குரல்ல என்னைத் திட்டுனீங்களோ அதே குரல்ல குரூப்புல உண்மையச் சொல்லுங்க. ஒரு ஊக்கு போதும், அர நிமிஷத்துல எடுத்துடறேன்."

அழகர்சாமி முசிறி பேனரை நினைத்தார் போலும். தொண்டையைச் செருமிப் பதிவு செய்தார். "தவிர்க்க முடியாத சில தொழில்நுட்பக் காரணங்களால்..."

"திரும்ப."

"தம்பி பூவரசனுக்கு இந்த முறை ஒரு வாய்ப்பு..."

"தலைவரே, எனக்குத் துவாக்குடியில வேலை கிடக்கு."

மூன்றாவது முறை குரலில் இருந்த காற்று கொஞ்சம் இறங்கியிருந்தது. "பூவரசன் மேல தப்பில்ல. ஓட்டைய அடைச்சது நான்தான். என் கையாலயே."

அது குழுவில் போய்ச் சேர்ந்த பிறகுதான் பூவரசன் ஊக்கைக் கையில் எடுத்தான். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஓட்டை திறந்ததும் 'புஸ்ஸ்' என்ற சத்தம் உத்தர வீதி முழுக்கக் கேட்டது. தலைவரும் ஒரு பெருமூச்சு விட்டார்.

காவிரிப் பாலத்தில் போன் அதிர்ந்தது. ஓரம் கட்டிப் பார்த்தான். அழகர்சாமியின் குரல் இருந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று இருந்தது. காலையில் வந்த எச்சரிக்கை மட்டும் ஒரு நிமிடம் நாற்பது நொடியும் குறையாமல் அப்படியே இருந்தது. வந்த வழியே போய் அந்த ஓட்டையில் சிமெண்ட்டையே வைத்துவிடலாம் என்று பைக்கைத் திருப்பினான்.

போன் மறுபடி அதிர்ந்தது. குழுவில் இளவேனில். 'ஓட்டைய அடைச்சது நான்தான்' என்ற அதே குரல் பதிவு, அழியும் முன்பே சேமித்து வைத்திருக்கிறார்; அதற்கு மேல் ஒரு வரி:

'தலைவர் கைதவறி அழித்துவிட்டார் போலிருக்கிறது. உறுப்பினர் நலன் கருதி மீண்டும் பதிகிறேன். பூவரசன் அண்ணே, வியாழக்கிழமை காலை ஒன்பதுக்கு வண்டி வரும்.'