நொமினேஷனுக்கு முந்திய பாராட்டு விழா

கம்சிகாவின் பாராட்டு விழா நோட்டீஸ் அச்சாகி என் கைக்கு வந்தபோது, எதற்காக அவளைப் பாராட்டப் போகிறோமோ அது நடப்பதற்கு இன்னும் ஏழு கிழமை இருந்தது.

அனுப்பியவர் குகதாசன் அண்ணை. தமிழர் கலை மன்றத்தின் தலைவர். நான் மாதாமாதம் எழுதும் இலவசப் பத்திரிகையின் உரிமையாளரும் அவரே. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இரண்டு பலசரக்குக் கடைகளும் உண்டு. நோட்டீஸ் பளபளப்பான தாள். நடுவில் அண்ணையின் படம், அதன் கீழே அவருடைய நான்கு பட்டங்கள். நான்கையும் அவருடைய மன்றமே அவருக்கு வழங்கியது. ஒவ்வொரு முறையும் மேடையில் கண்கலங்கி, "நான் இதை எதிர்பாக்கேல்லை" என்று சொல்லியிருக்கிறார். வலது மூலையில் முத்திரை அளவில் கம்சிகா. "ராயல் ஸ்கிரீன் விருதுக்கு நொமினேஷன் பெற்ற எம்மினத்தின் நட்சத்திரம்."

உடனே போன் எடுத்தேன். "அண்ணை, நொமினேஷன் லிஸ்ட் மார்ச் கடைசியிலைதானே வரும்?"

"அது அவங்கடை அலுவல். எங்களுக்கு விம்பிள்டனிலை ஹோல் கிடைச்சது ஏப்ரல் முதல் சனிக்கிழமைதான். பொன்னாடைக்கும் சொல்லியாச்சு. நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும் பரமேஸ். உம்மடை பக்கத்திலை அவளின்ரை பேரை எழுதிவிடும். நீர் எழுதினால் நடக்கும்."

இதுதான் என் தலையெழுத்து. பதினொரு வருடமாக, அந்த பிரிட்டிஷ் தொலைக்காட்சி விருதுக்கு யார் யார் பெயர் வரும் என்று பத்திரிகையில் முன்கூட்டியே எழுதி வருகிறேன். பெரும்பாலும் பிழையாவதில்லை. அதனால் எனக்கு ஏதோ வாக்குச் சித்தி என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. பிள்ளைக்கு மெடிசின் படிக்க இடம் கிடைக்குமா என்றுகூட ஒரு அம்மா என்னை மறித்துக் கேட்டிருக்கிறார். உண்மையில் என் வித்தை மிகவும் மலிவானது. எந்த நடிகரையும் யாரும் வானத்திலிருந்து பார்த்துத் தேர்வதில்லை. தயாரிப்பு நிறுவனம் பெயர் கொடுக்க வேண்டும், நடிகர் சம்மதம் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தவர்களின் நீண்ட பட்டியல் ஒன்று பெப்ரவரியில் இணையத்தளத்தின் மூலையில் கிடக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு, எனக்குப் பிடித்தவர்களையெல்லாம் முதலில் வெட்டுவேன். மிஞ்சுகிறவர்கள்தான் நொமினி.

கம்சிகாவை நான் வெட்ட வேண்டியிருந்தது. ஏனென்றால் அவள் உண்மையாகவே நன்றாக நடித்திருந்தாள்.

ஆறு பாகத் துப்பறியும் தொடர். அதில் அவள் பார்க்கிங் டிக்கெட் எழுதும் பெண். கொலைகாரனின் காருக்கு டிக்கெட் வைத்தவள் என்பதால் கதையில் நான்கு காட்சிகள். கடைசிக் காட்சியில் நீதிமன்றத்தில் அவளைப் பொய்காரி என்கிறார்கள். அவள் அழவில்லை, கத்தவில்லை. இடுப்பில் இல்லாத டிக்கெட் மெசினைக் கை தேடுகிறது, அவ்வளவுதான். பகலில் நான் ஒரு கவுன்சிலின் பார்க்கிங் மேன்முறையீட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். "உங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம், எனினும்" என்று ஒரு நாளைக்கு நாற்பது கடிதம் அனுப்புகிறவன். அந்தக் கையை எனக்குத் தெரியும்.

ஊருக்கு அந்தப் பாத்திரம் முதலில் பிடிக்கவில்லை. "டொக்டரா நடிச்சிருக்கலாமே" என்றார்கள். ஆங்கிலப் பத்திரிகை ஒன்று அவளைப் புகழ்ந்து இரண்டு வரி எழுதியபிறகுதான் அவள் எம்மினத்தின் நட்சத்திரமானாள். நட்சத்திரம் அதற்குப்பிறகு பத்து மாதமாக வார இறுதிகளில் மருந்துக்கடையில் ஷிப்ட் செய்கிறது. இந்தக் கிழமைதான் கார்டிஃபில் ஒருநாள் வேலை கிடைத்திருந்தது. பாத்திரத்தின் பெயர்: இரண்டாவது நேர்ஸ்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில், பட்டியலைத் திறந்து பார்த்தேன். கம்சிகாவின் பெயரை வெட்ட முடியவில்லை. பெயர் அதில் இல்லை.

இரண்டு தரம் பார்த்தேன். தயாரிப்பு நிறுவனத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு பிள்ளை மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: பெயர் நாங்கள் கொடுத்துவிட்டோம், சம்மதம்தான் வரவில்லை, அவருடைய மனேஜருக்கு மூன்று மின்னஞ்சல் போட்டோம். விடுபட்டவர்களைச் சேர்க்க இன்று ஐந்து மணிவரை நேரம் இருக்கிறது.

"மனேஜர் யார்?"

அவள் எழுத்தெழுத்தாக வாசித்தாள். ஞானேஸ்வரன். கம்சிகாவின் அப்பா. முந்திய ஏஜென்ட் விட்டுப்போனபிறகு அந்தப் பதவியைத் தானே ஏற்று, விசிட்டிங் கார்டும் அடித்தவர்.

கம்சிகாவின் போனுக்கு அடித்தேன். படப்பிடிப்பில் போனைப் பூட்டி வைப்பார்கள். ஆறு மணிக்குத்தான் கொடுப்பார்கள். அரைநாள் லீவு போட்டுக்கொண்டு குட்மேய்ஸில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். நொமினேஷன் கிடைக்கும் என்றல்ல. அந்தப் பட்டியலை என்னைத் தவிர இன்னொரு சாதியும் வரிவரியாக வாசிக்கும்: அடுத்த தொடருக்கு ஆள் தேடுகிறவர்கள். பெயர் அதில் இருந்தால் ஒடிஷனுக்குக் கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் மூன்றாவது நேர்ஸ்.

வீட்டை அடைந்தபோது மூன்றே முக்கால். ஞானேஸ்வரன் அண்ணை டைல்ஸ் வேலை செய்கிறவர், அறுபத்திரண்டு வயது. ஜெர்மனியில் பதினாறு வருடம் இருந்து பிறகு இங்கே வந்தவர். குசினி மேசையில் நோட்டீஸ்கள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒவ்வொன்றாக உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாரும் தம்பி. உமக்கு முன்வரிசை."

"அண்ணை, ஒரு மெயில் வந்ததெல்லே? கம்பனியிலை இருந்து?"

"வந்தது. மூண்டு. பேர், பிறந்த திகதி எல்லாம் கேக்கிறாங்கள். ஸ்காம்."

"ஸ்காம் இல்லை அண்ணை. அதிலை இருக்கிற பொத்தானை அமத்தினால்தான் பிள்ளையின்ரை பேர் போகும். அஞ்சு மணிக்குப் பூட்டிப்போடுவாங்கள்."

"அமத்திறதெண்டால்?"

"சம்மதம் எண்டு சொல்லுறது. ஒரு அப்ளிகேஷன் மாதிரி."

அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. கையிலிருந்த உறையை மேசையில் வைத்தார். "அப்ளை பண்ணிறதோ? என்ரை பிள்ளை கேட்டு வாங்கிறவளோ? வேணுமெண்டால் அவங்கள் வந்து கேக்கட்டும்."

"அவங்கள் கேட்டுத்தானே மூண்டு மெயில் போட்டவங்கள்!" என்றார் கம்சிகாவின் அம்மா சுசிலா அக்கா, அடுப்படியிலிருந்து திரும்பாமல். "இந்த மனுசன் எனக்குச் சொல்லவேயில்லை தம்பி. பெரிய மனேஜர். மனேஜர் வேலை செய்து பிள்ளை மருந்துப் பெட்டி அடுக்குது."

"நீ சும்மா இரு."

அந்தநேரம் பார்த்துக் குகதாசன் அண்ணையின் அழைப்பு. ஞானேஸ்வரன் அதை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஞானம், ஒரு சிக்கல். வாழ்த்துரையிலை அருமைநாயகி டீச்சரின்ரை பேர் எனக்குப் பிறகு வருது. அவ கோவிக்கிறா. ரெண்டு பேரும் ஒரே வரியிலை வாற மாதிரி புதுசா அடிப்பமோ?"

"அண்ணை," என்று நான் குறுக்கே விழுந்தேன், "கம்சிகாவின்ரை பேர் லிஸ்டிலையே இல்லை. இன்னும் ஒரு மணித்தியாலத்திலை போடாட்டி நொமினேஷனுக்கு வழியே இல்லை."

"அப்பிடியெண்டால் நீர் அதைப் பாரும் பரமேஸ். ஞானம், டீச்சருக்கு என்ன சொல்லுறது?"

அவர்கள் இருவரும் ஒரே வரியில் இரண்டு பெயரை எப்படி வைப்பது என்று பதினெட்டு நிமிடம் பேசினார்கள். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்றத்தில் ஏழுபேர் கொண்ட விழாக்குழு, அலங்காரக் குழு, வரவேற்புக் குழு, உபகுழு எல்லாம் உண்டு. ஒரு பொத்தானை அமத்த ஒருவர் இல்லை.

போனை வைத்தபோது நாலரை.

"அண்ணை, உங்களுக்கு என்ன வெக்கம்?" என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கடை ஆக்கள் பட்டம் கேட்டு வாங்கிற மாதிரி இதிலை ஒருத்தரும் வாங்கேல்லை. அங்கை எல்லாரும் போம் நிரப்பித்தான் வருகினம். பெரிய பெரிய நடிகர்மார் எல்லாம்."

சுசிலா அக்கா தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அவர் வெக்கத்திலை இல்லைத் தம்பி. டோர்ட்மண்டிலை மஞ்சள் என்வலப் வரும். விசாக் கேஸ் ரிஜெக்ட் எண்டால் தபால்காரன் மஞ்சள் என்வலப்பிலைதான் கொண்டுவருவான், திகதி எழுதி. எங்களுக்கு நாலு வந்தது. நாலாவது வந்த அண்டைக்கு இவள் என்ரை வயித்திலை. அதுக்குப்பிறகு இந்த மனுசன் ஒரு போமிலையும் தன்ரை கையாலை எழுதிறேல்லை. லண்டனுக்கு வந்தும் கவுன்சில் போம், பென்ஷன் போம், எல்லாம் நான்தான்."

எங்கள் வீடுகளில் நல்ல செய்திக் கடிதத்துக்குத்தான் நான்கு மூலையிலும் மஞ்சள் பூசுவோம். எனக்கு அதைவைத்து ஒரு பகிடி விட வாயில் வந்தது. விடவில்லை. வீடு வீடாக என் கவுன்சில் அனுப்பும் உறையின் நிறத்தை யோசித்தேன். வெள்ளை. ஜன்னல் வைத்தது.

ஞானேஸ்வரன் நோட்டீஸ் கட்டைத் தட்டி நேராக்கினார். இன்னும் ஒருமுறை தட்டினார்.

"தம்பி," என்றார். "இதைப் போட்டு, அவங்கள் இல்லையெண்டு சொன்னால், கடிதம் வருமோ?"

"என்ன கடிதம்?"

"இல்லையெண்டு. வீட்டுக்கு. அவளின்ரை பேருக்கு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவ்வளவு நேரமும் நான் விருதைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் தபால்காரனைப் பற்றி.

"வராது அண்ணை. கிடைச்ச ஆக்களுக்குத்தான் சொல்லுவாங்கள். கிடைக்காத ஆக்களுக்கு ஒண்டும் அனுப்பமாட்டாங்கள். ஒரு வரிகூட."

"உண்மையாவோ?"

"பதினொரு வருசமா இதைத்தானே பாக்கிறன்."

கண்ணாடியைத் தேடினார். அது நோட்டீஸுக்குக் கீழே இருந்தது. சுசிலா அக்கா லாப்டொப்பைத் திறந்து மெயிலைக் காட்டினார். பெயரும் பிறந்த திகதியும் கேட்டிருந்த பெட்டிகளில் அவரே ஒரு விரலால் அடித்தார். அக்கா கைநீட்டியதற்கு விடவில்லை. "கம்சிகா ஞானேஸ்வரன்" என்று அடிக்க நான்கு நிமிடம் எடுத்தது. நான்கு ஐம்பத்தொன்றுக்குப் பொத்தானை அமத்திவிட்டு, சுடுசட்டியைத் தொட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார்.

ஆறு மணிக்குக் கம்சிகா போன் எடுத்தாள். "அங்கிள், அப்பாவோ அமத்தினவர்? சும்மா சொல்லாதீங்கோ."

அடுத்த இதழுக்கு நான் ஐந்து பெயர் எழுதிக் கொடுத்தேன். அவளுடையதை எழுதவில்லை. பட்டியலில் பெயர் வந்ததும் வழக்கம்போல் முதலில் வெட்டினேன், பேனை கொஞ்சம் அழுத்திவிட்டது. பத்திரிகை வந்தபோது ஐந்து பேருக்கான பிரிவில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறாவதைச் சேர்த்தவர் உரிமையாளர்.

மார்ச் கடைசியில் லிஸ்ட் வந்தது. நான் எழுதிய ஐந்தும் அப்படியே இருந்தன. பன்னிரண்டாவது வருடம். வாழ்த்துச் சொல்லி ஒருவர் போன் எடுத்தார். பாதியில் வைத்துவிட்டேன். ஒரே ஒருமுறை என் கணிப்புப் பிழையாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அதற்கும் ஏலாமல் போயிற்று.

விழா மட்டும் நின்றுவிடுமா? ஹோல் இருக்கிறது, பொன்னாடை இருக்கிறது. "நொமினேஷன் பெற்ற" என்ற இடத்தில் "நொமினேஷனுக்குப் பரிசீலிக்கப்பட்ட" என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வாசலில் கொடுக்க வைத்திருந்த முந்நூறு நோட்டீஸிலும் உபகுழு இருந்து ஒட்டியது. விம்பிள்டனில் முதல் ஒன்றரை மணித்தியாலம் வாழ்த்துரை. குகதாசன் அண்ணைக்கு ஐந்தாவது பட்டம் கிடைத்தது. எதிர்பார்க்கவில்லை என்றார். கம்சிகா நாலரை நிமிடம் பேசினாள். அதில் இரண்டு நிமிடம் மைக் வேலை செய்யவில்லை. யாரோ ஒருவர் பட்டியலில் பெயரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார், செவ்வாய்க்கிழமை ஒடிஷன் என்று அவள் சொன்னது அந்த இரண்டு நிமிடத்துக்குள் போய்விட்டது. முன்வரிசையில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

பக்கத்து இருக்கையில் ஞானேஸ்வரன் அண்ணை, கோட் போட்டு, கைகளை முழங்காலில் வைத்தபடி. கைதட்டல் நேரம் என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, ஒவ்வொருநாளும் கதவடியிலை பாத்தனான். ஒண்டும் வரேல்லை."

"நான் சொன்னனானெல்லே அண்ணை."

"ஓம், ஓம்." மேடையில் யாரோ யாருக்கோ பொன்னாடை போர்த்துவதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப வாற வருசம் அந்தப் போம் எத்தனையாம் திகதி பூட்டுறாங்கள்?"