சனிக்கிழமை இன்ஸ்பெக்டர்

என் மாடி வீடு ஐந்து மாதமாகக் காலியாகக் கிடந்தது. கீழ்வீட்டு வாடகையை மட்டும் வைத்துக்கொண்டு வங்கித் தவணையைச் சமாளிக்க முடியவில்லை. அண்ணன் கெடு வைத்துவிட்டான். "இந்த மாசக் கடைசிக்குள்ள ஆள் வரலேன்னா வித்துடலாம். வாங்க பார்ட்டி ரெடியா இருக்கு." பத்திரத்தில் அவன் பெயரும் இருக்கிறது. ஆனால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அதை வாங்கியவள் நான். விற்க எனக்கு மனசே வரவில்லை.

வீட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. எந்தக் குழாயும் சொட்டாது, எந்தக் கதவும் முனகாது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "யோசிச்சுச் சொல்றோம்" என்று போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் போல. வாடகையைக் குறைத்தேன். அடுத்து வந்தவர்கள் "ஏன் இவ்ளோ கம்மி?" என்று சுவரை முகர்ந்து பார்த்தார்கள்.

"ஏரியாவே விழுந்துடுச்சு" என்றான் அண்ணன். அவன் சந்தையை ஃபோனில் பார்க்கிறவன். எனக்குக் காலால் நடந்து பார்த்தால்தான் நம்பிக்கை. மூன்று நாள் லீவு போட்டு, வீடு தேடுகிறவளாக வேஷம் கட்டிக்கொண்டு சுற்றினேன். ஓதம் ஏறிய சுவர், தண்ணீர் வராத குளியலறை, காற்றே எட்டிப் பார்க்காத படுக்கையறை. அத்தனைக்கும் என்னுடையதைவிட வாடகை கூடுதல். அட்வான்ஸ் கொடுக்க ஆட்கள் வேறு காத்திருந்தார்கள். ஏரியா நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள், அடுத்த தெருத் தையல்காரரிடம் விசாரித்தேன்.

"பின்னாடித் தெருவுல ஒரு மாடி வீடு சும்மாதான் கெடக்கு. ஆனா வேணாம்மா" என்றார்.

"ஏன், பேய் கீய் இருக்கா?"

"பேயா இருந்தா பரவாயில்லியே! ஹவுஸ் ஓனர் இருக்காங்க. சனிக்கிழமை ஆனா சொந்தச் சாவியைப் போட்டு உள்ள வந்து, குழாய் குழாயா பார்ப்பாங்களாம். சனிக்கிழமை இன்ஸ்பெக்டர்னுதான் இங்க பேரு."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பராமரிப்பது ஒரு குற்றமா? நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள், கடைசியாகக் குடியிருந்தவள். ஒரு சனிக்கிழமை நான் கதவைத் திறந்தபோது, வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தவள் பதறி எழுந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். "நீ தூங்கும்மா, நான் குழாயைத்தான் பார்க்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு, அவள் படுக்கையைத் தாண்டி நடந்தேன். அடுத்த மாதமே காலி செய்துவிட்டாள். அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. தையல்காரரின் கடை வாசலில் வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது ஒரு பேருந்து ஓட்டுநரும் அவர் மனைவியும் வந்தார்கள். மனைவிக்கு வீடு பிடித்துவிட்டது, முகமே சொன்னது. ஆனாலும் இழுத்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. அந்த இன்ஸ்பெக்டர் நீங்கதானா?"

"நான்தான். போன வாரம் ரிட்டயர் ஆயிட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். பழைய வாடகையையே சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். இருந்த இரண்டு சாவியையும் அவள் கையில் வைத்தேன். "ஏதாவது ரிப்பேர்னா கூப்பிடுங்க. கூப்பிட்டா மட்டும் வர்றேன்."

முதல் சனிக்கிழமை கை துறுதுறுவென்றது. நான் குடியிருக்கும் வீட்டுக் குழாய்களையே இரண்டு தடவை துடைத்தேன். மத்தியானம் அண்ணன் அழைத்தான்.

"ஆள் வந்துட்டாங்க, சரி, இப்போதைக்கு விக்க வேணாம். இருந்தாலும் பார்ட்டி ஒரு தடவை உள்ள பார்த்துட்டுப் போகட்டுமே? உன் சாவியை எடுத்துட்டு வா, அஞ்சு நிமிஷ வேலை."

"எங்கிட்ட சாவி இல்ல."

"என்ன உளர்ற? உன் வீட்டுக்கு உங்கிட்ட சாவி இல்லியா?"

"அவங்க வீடுண்ணா அது" என்றேன்.