வலது பின்னங்கால்

எனக்கு இடுப்பு வலி வந்ததும் நாங்கள் குதிரைக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தோம்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. வலிப்பது எனக்கு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. நொண்டியது குதிரை. அதை லாயமே பார்த்தது.

விழுந்தது ஒரு திங்கட்கிழமை காலை. சவாரிப் பள்ளியின் மணல் மைதானத்தில் என்னையும் குதிரையையும் தவிர யாருமில்லை. எங்கிருந்தோ ஒரு நீல பிளாஸ்டிக் பை பறந்து வந்தது. குதிரை இடது பக்கம் பாய்ந்தது. நான் நேராகப் போனேன். வலது இடுப்பு முதலில் தரை சேர்ந்தது, மற்றதெல்லாம் பின்னாலேயே வந்தது. எழுந்ததும் குதிரையின் நான்கு கால்களையும் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அப்பாடா என்று மறுபடி ஏறி உட்கார்ந்து இன்னும் அரை மணி நேரம் ஓட்டினேன். அப்போது வலிக்கவில்லை. மறுநாள் காலை காலுறை மாட்டக் குனிந்தபோதுதான் தெரிந்தது, என் கால் என்னிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று.

குதிரைக்கு ஆவணத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. ஆனால் லாயத்தில் எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். தீவனம் ஐந்து நிமிடம் தாமதமானால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பக்கத்துக் கொட்டிலில் இருப்பவனை முதலில் கவனித்துவிட்டால் இரண்டு நாள் யார் முகத்தையும் பார்க்க மாட்டான். வயது பன்னிரண்டு. அதில் ஏழு வருடம் என்னோடு.

இனி என் கணவர். அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். உயரமான கட்டடங்களுக்கெல்லாம் போய், வடத்தைத் தட்டிப் பார்த்து, சத்தம் பிடிக்கவில்லை என்றால் ‘பயன்படுத்தக் கூடாது’ என்று சிவப்பு அட்டையை மாட்டிவிட்டு வருவார். பன்னிரண்டாம் மாடிக்காரர்கள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே நிதானமாகப் படி இறங்குவார். மூன்று வருடம் முன்பு நான் விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்தபோது அந்த அட்டை மாட்டும் குரலிலேயே சொன்னார்.

“இன்னொரு தடவை நீ விழுந்தேன்னு கேள்விப்பட்டா, குதிரையை அனுப்பிடுவோம். சரியா?”

“சரி” என்றேன். அவர் ‘விழுந்தா’ என்று சொல்லவில்லை, ‘கேள்விப்பட்டா’ என்றுதான் சொன்னார் என்பதைப் பிற்பாடு பல தடவை நினைத்து நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அதனால் அவர் கேள்விப்படாமல் பார்த்துக்கொண்டேன். எங்கள் வீட்டு சோபா தாழ்வானது. அதில் உட்கார்ந்தால் கிரேன் வைத்துத்தான் என்னைத் தூக்க வேண்டும். ஆகவே நின்றுகொண்டே டிவி பார்க்க ஆரம்பித்தேன். நிற்பது இதயத்துக்கு நல்லது என்று எங்கோ படித்ததாகச் சொன்னேன். அவர் ஒரு வாரம் என்னைப் பார்த்தார். அப்புறம் அவரும் பக்கத்தில் வந்து நிற்க ஆரம்பித்தார். செய்தி முடியும்வரை இரண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல நிற்போம். சோபா சும்மா இருந்தது.

காரில் ஏறுவதற்கும் ஒரு முறை கண்டுபிடித்தேன். முதலில் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். பிறகு கால்களை ஒவ்வொன்றாக, மூட்டை ஏற்றுவது போல, கையால் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். அவர் சாவியைத் தேடும் நேரத்துக்குள் இதை முடிக்கப் பழகிவிட்டேன்.

எனக்கு மருந்துக் கடையில் வேலை. வலி மாத்திரை வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும், “அஞ்சு நாளுக்கு மேல போடாதீங்க, வயித்தைக் கெடுத்துடும். அப்பவும் வலிச்சா டாக்டரைப் பாருங்க” என்று கண்டிப்பாகச் சொல்வேன். சொல்லும்போது அதே மாத்திரை அட்டை என் வெள்ளைக் கோட்டுப் பையில் இருக்கும். எனக்கு அது நாலாவது மாதம்.

அந்த நாலாவது மாதத்தில்தான் மாப்பிள்ளை இடது பக்கம் திரும்ப மறுத்தான். வலது பக்கம் என்றால் சரி. இடது என்றால் காதை மடக்கிக்கொண்டு, முதுகைக் கோணலாக்கிக்கொண்டு, நொண்டுவான். சவாரிப் பள்ளியை நடத்துகிறவர் கவலைப்பட்டார். அவரை மேஜர் என்பார்கள். ராணுவத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, மீசைக்காக வந்த பட்டம்.

முதலில் லாடக்காரர் வந்தார். குளம்பைத் தூக்கிப் பார்த்து, “லாடம் என் லாடம், அதுல குத்தம் வராது. சேணம்தான் அழுத்துது” என்றார். சேணம் தைப்பவர் வந்து, “சேணம் வெண்ணெய் மாதிரி உக்காருது. பல்லுல ஏதோ இருக்கு, கடிவாளம் உறுத்துது” என்றார். குதிரைப் பல்லை அரம் போட்டு ராவுகிறவர் இரண்டு கையையும் வாய்க்குள் விட்டுத் துழாவிவிட்டு, “பல்லெல்லாம் முத்து மாதிரி இருக்கு. லாடம் அடிச்சது யாரு?” என்று கேட்டார்.

இதற்கிடையில் மாப்பிள்ளைக்கு ராஜ உபசாரம் நடந்தது. முதுகுக்குச் சூடு கொடுக்கும் விளக்கு, வாரம் இரண்டு முறை உடம்பு பிடித்துவிட ஆள், கம்பளிப் போர்வை. கொட்டிலின் ஓரத்தில் ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி நின்று நான் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஆசை அடங்காமல் குதிரைக்குத் தேய்க்கும் தைலத்தில் கொஞ்சம் ஒரு குப்பியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். படித்த மருந்தாளுநர் செய்கிற காரியமா என்று என்னை நானே கேட்டுக்கொண்டே இடுப்பில் தேய்த்தேன்.

“லாய வாசனை வருது” என்றார் கணவர்.

“லாயத்துலேருந்துதானே வர்றேன்.”

“இன்னைக்கு நீ போகவே இல்லையே.”

“நேத்து வாசனை” என்றேன்.

அவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். மறுநாளிலிருந்து சட்டையில் தூக்கலாக சென்ட் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். என் வாசனையை விரட்டத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சனிக்கிழமை குதிரை டாக்டரம்மா வர்றாங்க. இது தீராத நொண்டின்னு எழுதிட்டாங்கன்னா என் கையில ஒண்ணுமில்லம்மா. கொட்டிலுக்கு ஒன்பது பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. மலைப்பக்கம் ஒரு பண்ணை இருக்கு, வேலை செய்யாத குதிரைங்களை வாங்கிக்குவாங்க. புல்வெளிக்கு அழகா இருக்கும்.”

“அவன் அழகுப் பொருள் இல்லை சார்.”

“பார்க்க லட்சணமாத்தானே இருக்கான்” என்றார் மேஜர், ஆறுதலாக. “உங்க வீட்டுக்காரரும் வரணும். குதிரை ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, ரெண்டு கையெழுத்தும் வேணும்.”

சனிக்கிழமை கணவர் வந்தார். குதிரைகளிடம் அவருக்குப் பயம். அவருடைய கணக்கில், வடம் இல்லாமல், பிரேக் இல்லாமல், எந்தச் சான்றிதழும் இல்லாமல் ஆளை ஏற்றிச் செல்லும் ஒரே வாகனம் அது. அதனால் லிஃப்ட் கிணற்றில் இறங்கும்போது போடுகிற மஞ்சள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, குதிரையிலிருந்து பத்தடி தள்ளி நின்றார்.

டாக்டரம்மா வயதில் சின்னவர், பேச்சில் அதைவிடச் சிக்கனம். லாயக்காரரைக் கூப்பிட்டு, சிமென்ட் பாதையில் மாப்பிள்ளையைக் கையில் பிடித்தபடி ஓடவிடச் சொன்னார். பாதை முடிவிலிருந்த கம்பம்வரை போய்த் திரும்பி வந்தான். நொண்டவில்லை. லாயக்காரரையே ஏறச் சொன்னார். இரண்டு சுற்று வலது, இரண்டு சுற்று இடது. லேசான முனகல், அவ்வளவுதான்.

“இப்ப நீங்க ஏறுங்க மேடம்.”

இடது பக்கம் நின்று ஏறி, வலது காலைக் குதிரையின் முதுகுக்கு மேலே சுழற்றிப் போட வேண்டும். இதற்காக நான் நான்கு மாதத்தில் ஏறி நிற்க மூன்று முக்காலிகள், ஒன்றைவிட ஒன்று உயரமாக, மாற்றியிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சுழற்றினேன். உட்கார்ந்ததும் மாப்பிள்ளை காதை மடக்கினான். பத்தடி போனான். நொண்டினான்.

“இறங்குங்க” என்றார் டாக்டரம்மா. “இப்ப நீங்க நடங்க.”

“நானா?”

“குதிரை நடந்து காட்டியாச்சு. அதே கம்பம்தான். போய்த் திரும்பி வாங்க. சார், நீங்க கூடப் பிடிச்சுக்கிட்டுப் போங்க.”

கணவர் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு வந்து என் முழங்கையைப் பிடித்தார். நடந்தோம். நான் முதுகை நிமிர்த்தி, கல்யாண மண்டபத்தில் நுழைவதுபோல நடந்தேன்.

“இப்ப ஓடுங்க.”

ஓடினோம். சவாரிப் பள்ளியே வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தது. லாடக்காரர் கண்ணைச் சுருக்கி என் நடையை அளந்தார். முப்பது வருட அனுபவம் அந்தக் கண்ணில் இருந்தது.

“வலது பின்னங்கால்” என்றார், சந்தேகமே இல்லாமல்.

“ஆமா, வலது பின்னங்கால்தான்” என்று சேணக்காரர் ஒத்துக்கொண்டார். நாலு வாரமாக அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

டாக்டரம்மா என்னிடம் வந்தார். “எப்ப விழுந்தீங்க?”

நான் கணவரைப் பார்க்கவில்லை. குதிரையைப் பார்த்தேன்.

“விழுந்திருந்தா சொல்லுங்க” என்றார் டாக்டரம்மா. “ஒரு பக்கம் வலிச்சா மறுபக்கம் சாஞ்சு உக்காருவோம். அந்தப் பாரத்துல குதிரை முதுகு போகும். அது சரியாயிடும். விழலைன்னா, அதுக்கு உள்ள ஏதோ இருக்கு, என்னால கண்டுபிடிக்க முடியலை. அப்படித்தான் எழுதணும்.”

மேஜர் பேனாவின் மூடியைத் திறந்து வைத்திருந்தார். விழவில்லை என்றால் மலைப் பண்ணைக்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். விழுந்தேன் என்றால் கணவர் கேள்விப்பட்டுவிடுவார். எப்படிப் பார்த்தாலும் மாப்பிள்ளை போகப்போகிறான். ஆனால் ஒன்றில் நொண்டி என்ற பெயரோடு போவான். அது என் பெயர். அதை அவன் சுமந்துகொண்டு போவது எனக்குச் சகிக்கவில்லை.

“நாலு மாசம் ஆச்சு” என்றேன். “ஒரு பிளாஸ்டிக் பை பறந்து வந்தது. தப்பு அவன் மேல இல்லை.”

கணவர் என் முழங்கையை விட்டார். அட்டை மாட்டும் குரலுக்காகக் காத்திருந்தேன். வேறு ஏதோ குரல் வந்தது.

“அதனாலதான் சோபாவுல உக்காரலையா?”

“ரொம்பத் தாழ்வா இருக்குங்க. உக்காந்தா எழுந்திருக்க முடியலை.”

“இடுப்பா?”

“இடுப்புதான்.”

“வெறும் இடுப்புதானா?” அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் பரீட்சை பாஸானவர் மாதிரி இருந்தது. “நான் வேற என்னென்னமோ நெனச்சுட்டேன்.”

“என்ன நெனச்சீங்க?”

“என் பக்கத்துல உக்காரப் பிடிக்கலைன்னு நெனச்சேன்.”

வேலியில் சாய்ந்திருந்தவர்கள் எல்லோரும் திடீரென்று வானத்தைப் பார்த்தார்கள். மேஜர் பேனாவை மூடினார்.

“அதுக்குத்தான் அந்த சென்ட்டா?” என்றேன்.

“கடைக்காரன் நல்லா இருக்கும்னு சொன்னான்” என்றார் பாவம்.

பிறகு காருக்குப் போய்த் திரும்பி வந்தார். கையில் சிவப்பு அட்டை. குதிரையைத்தான் அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அட்டையை என் சேணத்தில் மாட்டினார்.

“லிஃப்ட் பழுதுன்னா லிஃப்ட்டைத்தான் நிறுத்துவோம். கட்டடத்தை விக்க மாட்டோம்” என்றார். “பழுது பார்த்து, ஓட்டிக் காட்டின பிறகு கழட்டிக்கலாம்.”

மனிதர்களுக்கான டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே எங்கே வலிக்கிறது என்று கேட்டார். என் பையில் இருந்த அதே மாத்திரையை எழுதி, “அஞ்சு நாளுக்கு மேல வேண்டாம்” என்றார். குதிரை டாக்டரம்மா கொடுத்த கடிதத்தை நீட்டினேன். அதில் ‘வலது பின்னங்கால்’ என்று எழுதி, ‘பின்னங்’ மட்டும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அதைப் படித்த பிறகுதான் அவர் என் பக்கம் திரும்பி, ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இடுப்பு மூட்டில் குருத்தெலும்பு லேசாகக் கிழிந்திருந்தது. பன்னிரண்டு வாரம் பிசியோதெரபி. முழங்காலுக்கு ரப்பர் பட்டை மாட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தேன். ஒற்றைக் காலில் நின்று பல் தேய்த்தேன். சோபாவுக்கு அடியில் கணவர் நாலு மரக்கட்டை வைத்து உயர்த்தினார். அதன் பிறகு செய்திகளை உட்கார்ந்தே கேட்டோம்.

மாப்பிள்ளையைத் தினமும் யாராவது நடத்த வேண்டுமே. “நானே கூட்டிட்டுப் போறேன்” என்றார் கணவர், மஞ்சள் ஹெல்மெட்டோடு. முதல் வாரம் நீளமான கயிறு. இரண்டாவது வாரம் கயிறு பாதியானது. ஐந்தாவது வாரம் மாப்பிள்ளை அவர் சட்டைப் பையிலிருந்தே கேரட் எடுத்துத் தின்கிறான் என்று லாயக்காரர் சொன்னார். என்னைப் பார்த்தால் காதைக்கூட அசைக்கவில்லை.

பன்னிரண்டாவது வாரம் டாக்டரம்மா மறுபடி வந்தார். அதே சிமென்ட் பாதை, அதே கம்பம், வேலியில் அதே ஆட்கள். கணவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஓடினோம். எனக்கு எங்கும் வலிக்கவில்லை. திரும்பி வந்ததும் கணவர் எல்லோருக்கும் முந்திக்கொண்டு, “இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்” என்றார். “அவசரம் என்ன? காலையில நான்தான் நடத்தறேனே.”

லாடக்காரர் தலையை ஆட்டினார். “அம்மா சுத்தமா சரியாயிட்டாங்க. சாருக்குத்தான்.”

“எனக்கு என்ன?”

“இடது பின்னங்கால்” என்றார் லாடக்காரர்.

நான் கீழே பார்த்தேன். பத்து நாளாக வீட்டுக்குள்ளும் அவர் ஷூவைக் கழற்றவில்லை. தரை சில்லென்று இருக்கிறது என்றார். என் கோட்டுப் பையில் மிச்சமிருந்த அட்டையிலும் மாத்திரை குறைந்துகொண்டே வந்தது.

“எப்ப மிதிச்சான்?” என்றேன்.

அவர் குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. “தெரியாம மிதிச்சுட்டான். தப்பு என்மேலதான். நான்தான் காலை அங்க வச்சேன்.”

சேணத்திலிருந்த சிவப்பு அட்டையைக் கழற்றி அவர் சட்டைப் பொத்தானில் மாட்டினேன். டாக்டரம்மா குனிந்து அவர் ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார். கணவர் முக்காலியில் உட்கார்ந்து, “வெறும் விரல்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முக்காலியில் அவர் உட்கார்ந்திருந்ததால் நான் தரையிலிருந்தே ஏறினேன். வலது கால் சுழன்று வந்து தன் இடத்தில் விழுந்தது. கடிவாள வார்களைக் கையில் எடுத்துக்கொண்டு, இடது பக்கம் திரும்பச் சொல்லி லேசாக இழுத்தேன்.

மாப்பிள்ளை காதை மடக்கவில்லை. இடது பக்கம் திரும்பினான், நேராக முக்காலியிடம் போய் நின்றான், அவர் சட்டைப் பைக்குள் மூக்கை விட்டான்.