நான்கு பைட்

கையெழுத்துப் போட மாட்டேன் என்று நெட்வொர்க் பொறுப்பாளர் செலின் சொன்னதும், மருத்துவமனையின் நிர்வாக மேலாளர் இராமச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

விஜயநகரில் இருந்த மருத்துவமனையையும் ஹனூரில் திறக்கவிருந்த அதன் கிளையையும் ஒரு ஈதர்நெட் லிங்க் இணைத்தது. இரண்டு கட்டடங்களும் ஒரே சுவிட்சில் செருகியதுபோல் பேசிக்கொள்ளும் என்று சொல்லித்தான் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் அதை விற்றிருந்தது. பிங் அடித்தால், அந்தச் சின்னச் சோதனைச் செய்திக்குப் பதில் வந்தது. ஹனூரில் எடுத்த எக்ஸ்ரே மட்டும் இங்கே டாக்டரின் திரைக்கு வந்து சேரவே இல்லை.

"பிங் வருதல்லவா மேடம்? எங்க லிங்க் சரியா இருக்கு. ப்ராப்ளம் உங்க ஃபயர்வால்லதான்," என்றார் நிறுவனத்து எஞ்சினியர் மஞ்சுநாத், லிங்க் சரியாக வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்ளும் ஏற்புப் படிவத்தை அவள் பக்கம் தள்ளியபடி.

"நாளன்னிக்குத் திறப்பு விழா," என்றார் இராமச்சந்திரன். "நம்ம பக்கமே டேட்டா பாக்கெட் சைஸைக் குறைச்சா ஓடும்னு நீங்கதானே சொன்னீங்க? குறைச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"ஓடும் சார். அப்புறம் தப்பு நம்மதுன்னு ஆயிடும். முழு சைஸ் போகும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. முழுசா குடுக்கட்டும்."

"உங்களை விட்டா நெட்வொர்க் தெரிஞ்சவங்க இல்லைன்னு நினைப்பா?"

செலினுக்குக் காதுமடல் சூடேறியது. அங்கே பதினோரு வருஷ வேலை அவளுக்கு. "தெரிஞ்சவங்க யாராவது போடட்டும் சார். நான் போட மாட்டேன்."

அன்று மாலையே ஒரு லேப்டாப்பை, லிங்க் வந்து முடியும் நிறுவனத்தின் பெட்டியில் நேராகச் செருகி வைத்தாள். "காலையில இது பக்கத்துல உக்காருங்க," என்று மஞ்சுநாத்திடம் சொல்லிவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் ஹனூர் போனாள்.

நர்ஸ் பொன்னம்மா கதவைத் திறந்துவிட்டாள். செலின் தங்கள் ஃபயர்வால், சுவிட்ச் எல்லாவற்றையும் கழற்றினாள். அங்கிருந்த நிறுவனத்தின் பெட்டியில் இன்னொரு லேப்டாப்பைச் செருகிவிட்டு மஞ்சுநாத்தை போனில் பிடித்தாள்.

"இப்ப நடுவுல உங்க லிங்க் மட்டும்தான் இருக்கு. பாருங்க."

பிங்கின் அளவை ஏற்றிக்கொண்டே போனாள். முழு சைஸ் என்றால் 1472 பைட் வரை பதில் வர வேண்டும்; 1468 வரைதான் வந்தது. 1469 என்றதும் நின்றது. பத்து முறை அடித்தாள். பத்து முறையும் அதே இடம்.

"நின்னு போச்சுங்களா அக்கா?" என்றாள் பொன்னம்மா.

"நிக்கல. தப்பு மாட்டிக்கிச்சு."

"ஒன் மினிட் மேடம்" என்று போனை வைத்த மஞ்சுநாத் நாற்பது நிமிஷம் கழித்துக் கூப்பிட்டார். "வழியில கொள்ளேகால் சுவிட்ச்லதான் மேடம். பாக்கெட்டுல நாங்க நடுவுல சேர்க்கிற அடையாள டேகுக்கு நாலு பைட் வேணும். அங்க அதுக்கு இடம் விடல. இப்ப மாத்தியாச்சு."

"தப்பு யாரோடது?"

"எங்களோடதுதான்."

"அதை மெயில்ல எழுதுங்க. இராமச்சந்திரன் சாருக்கும் ஒரு காப்பி."

"சொல்லிட்டேனே மேடம்..."

"எழுதுங்க. மெயில் வராம கையெழுத்து கிடையாது."

மதியத்துக்குள் மெயில் வந்தது. இரண்டு பக்கமும் கழற்றியதைத் திரும்ப மாட்டினார்கள். டிராக்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டு வீங்கி வாசலில் காத்திருந்த சித்தையனின் எக்ஸ்ரே, சில நொடிகளில் விஜயநகர் போய்ச் சேர்ந்தது. செலின் அதன் பிறகே படிவத்தை எடுத்தாள்.

விழாவில் இராமச்சந்திரன் நிறுவனத்துக்கு நன்றி சொன்னார். அவள் பெயரை எடுக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி வரும்போது அவளை எதிரே பார்த்து, "உங்களுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி," என்றார்.

"ஆமா சார்," என்றாள் செலின், குரலைத் தாழ்த்தாமலே.