தொண்ணூறு ரூபாய்ப் பங்கு

வேலை நாளில் தம்பி பட்டணத்திலிருந்து வந்து இறங்கியபோதே கமலவேணிக்கு அவன் மேல் சந்தேகம் தட்டியது. கலியாணசுந்தரம் பங்குத் தரகர் ஒருவரிடம் குமாஸ்தா. லேசில் லீவு போடாதவன். எழுபத்தாறாம் வருஷப் பங்குனியில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அக்கா வீட்டில் வந்து உட்கார்ந்தவன், வைத்த இட்லியைத் தொடாமல் டெலிவிஷன் கம்பெனி ஒன்றைப் பற்றியே பேசினான். பத்து ரூபாய்ப் பங்கு இப்போது தொண்ணூறுக்குப் போகிறதாம். பட்டணத்தில் டெலிவிஷன் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இனி வீட்டுக்கு வீடு வரும், அடுத்த வருஷம் பங்கு இருநூறைத் தொடும், நானும் வாங்கியிருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வாங்கினால்தான் உண்டு என்றான்.

அவள் கணவன் திருஞானசம்பந்தம் தறியை விட்டு எழுந்தே வந்துவிட்டான். இருவருமாக நெய்து ஏழாயிரம் சேர்த்து, வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டையே ஆவணியில் வாங்கப் பேசியிருந்தார்கள். அத்தனையையும் பங்கில் போட்டுவிடலாம் என்றான் அவன்.

"இவ்ளோ ஏறப்போற பங்கை விக்கிறவன் யாரு? ஏன் விக்கிறான்?" என்று கேட்டாள் கமலவேணி.

"மார்க்கெட்ல யாராவது வித்துக்கினுதான் இருப்பாங்கக்கா."

தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தன் பங்கைத்தான் நம் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது.

மறுநாள் ரேடியோ ரிப்பேர் செய்யும் சாமுவேலிடம் போனாள். அந்தக் கம்பெனிப் பெட்டியில் குறையில்லை என்றார் அவர். ஆனால் படக்குழாய் வெளியில் வாங்குவதாம். இதே மாதிரி செய்ய இன்னும் நாலைந்து பேர் கிளம்பிவிட்டார்களாம். தம்பி கொடுத்த கம்பெனி அறிக்கையைப் படித்து, ஒரு பங்குக்கு வருஷ லாபம் ஒன்றரை ரூபாய் என்றும் சொன்னார்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள். ஒன்றரை ரூபாய் விளைகிற நிலத்தைத் தொண்ணூறு கொடுத்து யார் வாங்குவார்கள்? விளைச்சல் நாலு மடங்கானாலும் போட்டது திரும்பப் பதினைந்து வருஷம். பெட்டி ஊரெல்லாம் விற்கத்தான் போகிறது, அதில் அவளுக்கும் சந்தேகமில்லை. அதற்காகப் பங்கு அந்த விலை பெறுமா? கையை விட்டுப் போனாலும் தறி நிற்காத பணம் எவ்வளவு என்று பார்த்தாள். பத்துப் பங்குக்குத் தொள்ளாயிரம் எடுத்து வைத்தாள்.

தம்பியிடம் கொடுக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "உன் பங்கைக் கழிச்சுக்கத்தானே எங்க கிட்ட வந்தே?"

அவன் பணத்தை வாங்கிக்கொண்டு, சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டான்.

மிச்சப் பணத்தோடு அதன் பிறகு நெய்து சேர்த்ததையும் போட்டு, ஆவணியில் வீட்டுப் பத்திரம் முடிந்தது. அதே மாதம் பங்கு நூற்று நாற்பது ஆயிற்று. திருஞானசம்பந்தம் நாலு நாள் அவளோடு பேசவில்லை. அவளுக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. தம்பியையும் பகைத்து, அதிர்ஷ்டத்தையும் உதைத்துவிட்டோமோ என்று மனம் அடித்துக்கொண்டது. மறு வருஷம் மலிவுப் பெட்டிகள் கடைக்கு வந்தன. பங்கு எண்பதுக்கு வந்தது, நாற்பதுக்கு வந்தது, பதினெட்டில் நின்றது.

அப்போதுதான் தம்பி மனைவி தில்லையம்மாள் காஞ்சிபுரம் வந்து அழுதாள். அவன் ஒரு பங்கைக்கூட விற்கவில்லையாம். அவள் நகைகளை விற்று வாங்கியதாம். நூற்று நாற்பதிலும் விற்க மாட்டேன் என்றானாம். "தனக்கு வர்றது அக்காவுக்கும் வரணும்னுதான் அன்னிக்கு ஓடி வந்தாரு அண்ணி."

கமலவேணிக்கு முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லை. அன்றே அவளோடு பட்டணத்தில் பெரம்பூர் வீட்டுக்குப் போனாள். தம்பி இளைத்திருந்தான். தன் சொல்லுக்கு அவள் வருத்தம் தெரிவிக்க ஆரம்பித்தாள். அவன் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"பதினெட்டுதான்க்கா. இப்ப வாங்கினா இதுக்கு மேல எறங்க எடமே இல்ல," என்றான். கண் பளபளத்தது.

அவன் பொய் சொல்லவில்லை என்பது இப்போது அவளுக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது. கிளம்பும்போது தில்லையம்மாளைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, அவள் கையில் விற்காமல் மிச்சமிருந்த இரண்டு வளையலையும் கழற்றி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அவன் கேட்டா, என் கிட்ட இருக்குதுன்னு சொல்லு. வந்து வாங்கிக்கட்டும்."